உதயகிரியின் வலிய கப்பித்தான் டிலனாய்



யூபிலி மலர் என்றால் புனிதர்களின் வரலாறும் குருக்களின் வரலாறும் இடம்பெறுவது வழக்கம். இம்முறை ஒரு படைவீரரின் வாழ்வை எழுத நாம் விரும்பினோம். அவர் புனிதர் அல்லர், குருவும் அல்லர். பீரங்கி வார்ப்பதும் கோட்டை கட்டுவதும் படை நடத்துவதுமே அவர் தொழில். ஆயினும் இந்தியாவின் முதல் பொதுநிலைப் புனிதர் கிறிஸ்துவை அறிந்தது இவர் வாய்மொழியால்தான். அவர் பெயர் எஸ்தாக்கியுஸ் பெனடிக்டுஸ் டிலனாய். திருவிதாங்கூர் மக்கள் அவரை வலிய கப்பித்தான் என்று அழைத்தார்கள். பெரிய தளபதி என்பது அதன் பொருள்.

குமரி மாவட்டத்தில் வாழ்ந்தவரைப் பற்றிக் கடையநல்லூர் மலரில் ஏன் எழுத வேண்டும் என்று சிலர் கேட்கலாம். நமக்கு மிக அருகிலுள்ள செங்கோட்டை 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் வரையில் திருவிதாங்கூரோடு சேர்ந்திருந்தது என்பதை நம் பெரியவர்கள் அறிவார்கள். அதனினும் முக்கியமான காரணம் ஒன்று உண்டு. இவருடைய ஒரே ஆறாத துயரம் நம் நெல்லைச் சீமையின் மண்ணில்தான் நேர்ந்தது. அதைப் பின்னர்க் கூறுவோம்.

பிறர் நாட்டில் வாளேந்தியவர்கள்

பதினெட்டாம் நூற்றாண்டின் ஐரோப்பாவில் பிரபுக்குலத்தில் பிறந்த இளைஞன் தன் நாட்டு அரசனுக்கே படைவீரனாக வேண்டும் என்ற கட்டாயம் இருக்கவில்லை. எந்த அரசன் தன்னை ஏற்றுக்கொள்கிறானோ அவன் கொடியின்கீழ் நின்று போரிடுவதே வழக்கமாயிருந்தது. ஆஸ்திரியப் பேரரசின் படையை எடுத்துக்கொள்வோம். அதன் மாபெரும் தளபதி சவோய் இளவரசர் யூஜின் பாரிஸ் மாநகரில் பிறந்தவர். பிரெஞ்சு அரசர் பதினான்காம் லூயி அவரைத் தம் படையில் சேர்க்க மறுத்தார். எனவே 1683-இல் அவர் ஆஸ்திரியப் பேரரசரிடம் போய்ச் சேர்ந்து, வியன்னா மாநகரை மீட்ட போரிலேயே வாளேந்தினார். பின்பு அதே பிரான்சுக்கு எதிராகப் படை நடத்தினார். அரசி மரிய தெரேசாவின் புகழ்பெற்ற தளபதி லவுடனும் ஆஸ்திரியாவில் பிறந்தவர் அல்லர். பிரஷ்ய அரசர் பிரடெரிக் வேண்டாம் என்று தள்ளிய பிறகே வியன்னாவுக்கு வந்து சேர்ந்தார்.

இத்தகைய வீரர்களுக்குப் பிறந்த மண்ணைவிட உண்ட உப்பே பெரிது. செஞ்சோற்றுக் கடன் என்று நம் முன்னோர் சொன்னதும் இதுதான்.

டிலனாய் பிளாண்டர்ஸ் நாட்டுக் கத்தோலிக்கர். அந்த நாட்டின் ஒரு பகுதி 1714 முதல் ஆஸ்திரிய அரச குடும்பத்தின் ஆட்சியில் இருந்தது. லனாய் என்பது அங்கே பழமையான பிரபுக்குலப் பெயர்களில் ஒன்று. 1525-ஆம் ஆண்டு பாவியா போரில் பிரெஞ்சு அரசர் முதலாம் பிரான்சிசு தோற்றபோது, தம் வாளை ஒப்படைத்தது சார்லஸ் லனாய் என்னும் பேரரசுத் தளபதியிடம்தான். அத்தகைய பெயரைத் தாங்கிய நம் டிலனாய் 1715-ஐ ஒட்டிப் பிறந்தார். வயிற்றுப் பிழைப்புக்கோ வீரச் செயல்களின் ஆசைக்கோ, டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படையில் சேர்ந்து கப்பலேறினார். கம்பெனி சீர்திருத்தச் சபையாருடையது, அவரோ கத்தோலிக்கர்.

குளச்சல் கடற்கரையில்

அந்நாளில் மிளகு என்பது பொன். திருவிதாங்கூர் அரசர் மார்த்தாண்ட வர்மா அண்டை அரசுகளை ஒவ்வொன்றாக வென்று, மிளகு வாணிபத்தைத் தம் கைக்குள் கொண்டுவந்தார். டச்சுக்காரர்களுக்கு இது பொறுக்கவில்லை. இலங்கையிலிருந்து கப்பல்களை அனுப்பினார்கள். டச்சுப் படை குளச்சலில் இறங்கி, கரையோரத்தைப் பிடித்துக்கொண்டு, தலைநகராகிய பத்மநாபபுரத்தை நோக்கி நகர்ந்தது.

அரசர் விரைந்து வந்து எதிர்த்தார். டச்சுப் படை பின்வாங்கிக் குளச்சலில் தான் அமைத்த அரணுக்குள் அடைபட்டது. வெடிமருந்துச் சேமிப்பில் தீப்பற்றியது. அரிசியும் எரிந்து போயிற்று. கடலிலிருந்து உதவி வரவில்லை. 1741-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் அவர்கள் சரணடைந்தார்கள். ஐரோப்பிய வல்லரசு ஒன்றை ஓர் இந்திய அரசர் போர்க்களத்தில் முறியடித்த மிகச் சில நிகழ்ச்சிகளுள் இதுவும் ஒன்று. இன்றும் குளச்சலில் வெற்றித்தூண் நிற்கிறது.

அன்று அரசரிடம் அகப்பட்டவர்களுள் டிலனாயும் ஒருவர். பத்மநாபபுரம் அரண்மனையில் அவர் மார்த்தாண்ட வர்மாவின் முன் சரணடையும் ஓவியம் ஒன்றுண்டு. அவ்வோவியத்தைப் பார்ப்பவர்கள் அவர் அப்போதே பெரிய சேனாதிபதி என்று எண்ணுவார்கள். டச்சு ஏடுகளை ஆராய்ந்தவர்கள் அப்படிக் கருதவில்லை. கம்பெனிப் படையில் அவர் தாழ்ந்த பதவியிலேயே இருந்தார் என்பது அவர்கள் முடிவு. அப்படியானால் அவருடைய பெருமை குறையுமா? நம் கருத்தில் அது கூடவே செய்கிறது. அவரை உயர்த்தியது குலமோ பதவியோ அன்று. சிறைப்பட்டபின் அவர் செய்த உழைப்பே.

கைதி தளபதியானார்

மார்த்தாண்ட வர்மா ஆளை அறியும் அரசர். கைதிகளைக் கொன்றோ விரட்டியோ விடாமல், அவர்களிடம் உள்ள தொழிலறிவைத் தமக்குப் பயன்படுத்த எண்ணினார். டிலனாயிடம் முதலில் சிலரை ஒப்படைத்து ஐரோப்பிய முறையில் பயிற்சி அளிக்கச் சொன்னார். அணிவகுத்து நிற்பதும், ஒரே நேரத்தில் துப்பாக்கி சுடுவதும், பீரங்கியைக் கணக்கிட்டுக் குறிவைப்பதும் அந்நாட்டுப் படைக்குப் புதியவை. பயிற்சி பெற்ற பிரிவின் ஒழுங்கைக் கண்ட அரசர், படிப்படியாக முழுப்படையையும் அவர் பொறுப்பில் விட்டார்.

தக்கலைக்கு அருகில் புலியூர்க்குறிச்சியில் உள்ள உதயகிரிக் கோட்டை அவருடைய மேற்பார்வையில் கருங்கல்லால் புதுப்பித்துக் கட்டப்பட்டது. சுமார் 90 ஏக்கர் பரப்புள்ள அக்கோட்டைக்குள்ளேயே பீரங்கி வார்க்கும் உலைக்களம் அமைந்தது. மக்கள் அதை டிலனாய் கோட்டை என்றே அழைத்தார்கள். கன்னியாகுமரிக்கு அருகில் கடலோரத்தில் உள்ள வட்டக்கோட்டையும் அவரால் வலுப்படுத்தப்பட்டது.

அடுத்த ஆண்டுகளில் காயங்குளம், அம்பலப்புழை, சங்ஙனாச்சேரி ஆகிய நாடுகள் திருவிதாங்கூரோடு சேர்ந்தன. 1753-இல் மாவேலிக்கரை உடன்படிக்கையின் மூலம் டச்சுக் கம்பெனி திருவிதாங்கூரோடு சமாதானம் செய்துகொண்டது. எந்தக் கம்பெனிக்காக டிலனாய் குளச்சலில் இறங்கினாரோ, அதே கம்பெனி அவர் உருவாக்கிய படையின் முன் பணிந்தது.

1758-இல் மார்த்தாண்ட வர்மா மறைந்தார். தர்மராஜா என்று பெயர்பெற்ற கார்த்திகைத் திருநாள் இராமவர்மா அரியணை ஏறினார். அவருக்கும் டிலனாயே தளபதி. வடக்கே மேற்குத்தொடர்ச்சி மலைக்கும் கடற்கரைக்கும் இடையில் நெடுங்கோட்டை என்ற நீண்ட அரணை அவர் திட்டமிட்டு அமைத்தார். அவர் இறந்து பன்னிரண்டு ஆண்டுகளுக்குப்பின், 1789 டிசம்பரில், திப்பு சுல்தானின் படையை முதல் தாக்குதலில் தடுத்து நிறுத்தியது அந்த அரண்தான்.

இவ்வளவு உயர்ந்தும் ஒரு குறை அவருக்கு இருந்தது. அவர் கிறிஸ்தவர். ஆகவே அரசரின் அரண்மனை வாழ்க்கையில் அவருக்கு இடமில்லை. அரண்மனைக்கு வெளியே, உதயகிரிக் கோட்டைக்குள் குடியிருந்தார். அங்கே ஒரு சிற்றாலயம் இருந்தது. கோட்டையிலிருந்த கத்தோலிக்கப் படைவீரர்கள் அங்கே செபித்தார்கள்.

யோபுவின் கதை

இனி நாம் இந்த வரலாற்றின் உயிர்நாடிக்கு வருகிறோம்.

நட்டாலத்தைச் சேர்ந்த நீலகண்ட பிள்ளை 1712-இல் பிறந்தவர். டிலனாயைவிடச் சற்றே மூத்தவர். பத்மநாபபுரம் அரண்மனையில் பொறுப்புள்ள அலுவல் பார்த்தவர். உதயகிரியில் நடந்த வேலைகளின் காரணமாக இருவரும் அடிக்கடி சந்திக்க நேர்ந்தது. அதிகாரியும் படைத்தலைவரும் நண்பர்களானார்கள்.

ஒருமுறை நீலகண்ட பிள்ளையின் குடும்பத்தில் இழப்புகள் அடுத்தடுத்து வந்தன. ஆடுமாடுகள் மடிந்தன, பயிர்கள் பாழாயின. மனமுடைந்திருந்த நண்பரிடம் டிலனாய் காரணம் கேட்டார். ஆறுதலாக அவர் சொன்னது பழைய ஏற்பாட்டின் யோபு என்னும் நீதிமானின் வரலாறு. செல்வத்தையும் மக்களையும் உடல்நலத்தையும் இழந்தும் இறைவனைப் பழிக்காத ஒரு மனிதனின் கதை அது. இழப்பு வந்தால் அது தெய்வ கோபம் என்றே கேட்டுப் பழகிய நீலகண்ட பிள்ளைக்கு, நீதிமானும் துன்புறுவான், துன்பத்தினூடேயும் இறைவன் அவனோடு இருக்கிறார் என்ற செய்தி புதிதாயிருந்தது. யோபுவில் தொடங்கிய பேச்சு சிலுவையில் வந்து நின்றது.

அவர் ஞானஸ்நானம் கேட்டார். திருவிதாங்கூர் எல்லைக்குள் உயர்குலத்து அரண்மனை அதிகாரி ஒருவர் மதம் மாறுவது ஆபத்தான காரியம். டிலனாய் அவரை எல்லைக்கு அப்பால், நம் நெல்லைச் சீமையிலுள்ள வடக்கன்குளத்திற்கு அனுப்பினார். அங்கே பணியாற்றிய சேசு சபைக் குரு புத்தாரி அடிகளார் 1745-ஆம் ஆண்டு மே 14-ஆம் நாள் அவருக்கு ஞானஸ்நானம் அளித்தார். லாசர் என்ற பெயர் தமிழில் தேவசகாயம் ஆயிற்று. அவர் மனைவி பார்கவி அம்மாளும் ஞானப்பூ என்ற பெயரோடு திருச்சபையில் சேர்ந்தார்.

இங்கே சற்று நின்று சிந்திப்போம். ஞான உபதேசம் சொன்னவர் குருவானவர் அல்லர், உபதேசியாரும் அல்லர்; வேலைத்தலத்தில் பழகிய ஒரு பொதுநிலையினர். அவர் மேடை போட்டுப் பிரசங்கம் செய்யவில்லை, வாதாடவும் இல்லை. நண்பரின் முகவாட்டத்தைக் கவனித்தார், காரணம் கேட்டார், தமக்குத் தெரிந்த ஒரு வேதாகமக் கதையைச் சொன்னார். அந்தக் கதை அவருக்குத் தெரிந்திருந்ததே பெரிய காரியம்! நம் வீடுகளில் எத்தனை பேருக்கு யோபுவின் வரலாற்றை முதலிலிருந்து முடிவுவரை சொல்லத் தெரியும்?

ஒளிக்கக்கூடாத உண்மை

1749-இல் தேவசகாயம் கைது செய்யப்பட்டார். மூன்று ஆண்டுகள் சிறையும் சித்திரவதையும். எருமைமேல் ஏற்றி ஊர்ஊராகக் கொண்டுசென்றார்கள், அடித்தார்கள், காயத்தில் மிளகாய்த்தூள் தடவினார்கள். 1752-ஆம் ஆண்டு ஜனவரி 14-ஆம் நாள் ஆரல்வாய்மொழியருகே காற்றாடிமலையில் படைவீரர்கள் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். அவர் திருவுடல் கோட்டாறு புனித சவேரியார் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது.

அவரைத் தண்டித்த அரசர் டிலனாயின் அரசர். சுட்ட வீரர்கள் டிலனாய் பயிற்றுவித்த படையைச் சேர்ந்தவர்கள். டிலனாய் அதன்பின்னும் பதவியில் நீடித்தார். இருபத்தைந்து ஆண்டுகள் அதே அரசகுடும்பத்திற்கு உழைத்தார்.

யூபிலி மலர் என்பதால் இதை விட்டுவிட்டு எழுத நாம் விரும்பவில்லை. நமக்கும் இது சங்கடமான செய்திதான். தம் சொல்லால் விசுவாசத்திற்கு வந்தவர் அதே விசுவாசத்திற்காக உயிர் கொடுத்தபோது, சொன்னவர் உயிரோடும் பதவியோடும் இருந்தார். இதை எப்படி எடுத்துக்கொள்வது?

சிலர் அவரைக் கோழை என்பார்கள். போர்க்களத்தில் முப்பத்தாறு ஆண்டுகள் முன்னணியில் நின்றவரைக் கோழை என்பது பொருந்தாது. வேறு சிலர், அவர் அந்நியர், கைதியாக வந்தவர், அவரால் என்ன செய்ய முடியும் என்பார்கள். அதுவும் முழு விடையாகாது. செஞ்சோற்றுக் கடன் நல்ல பண்புதான். ஆனால் அரசனுக்குரியது எதுவரை, ஆண்டவருக்குரியது எங்கே தொடங்குகிறது என்ற கேள்வியை அந்தப் பண்பு தானாகத் தீர்த்துவைப்பதில்லை. அந்தக் கேள்விக்குத் தேவசகாயம் இரத்தத்தால் விடை எழுதினார். டிலனாய்க்கு அந்த அழைத்தல் கிடைக்கவில்லை, அல்லது அவர் அதை ஏற்கவில்லை. தீர்ப்பு நம்முடையது அன்று.

நாம் சொல்லக்கூடியது ஒன்றே. கீழ்த்திசை ஞானிகளுக்கு விண்மீன் வழிகாட்டியது. ஞானிகள் குழந்தையைக் கண்டு விழுந்து வணங்கினார்கள். விண்மீன் மேலேயே நின்றுவிட்டது. ஆயினும் அந்த விண்மீன் இல்லாமல் அவர்கள் பெத்லகேம் போயிருக்க முடியாது. வழிகாட்டியவர் எல்லாரும் வேதசாட்சியாவதில்லை. அதனால் அவர்கள் காட்டிய வழி பொய்யாகிவிடாது.

களக்காட்டில் விழுந்த மகன்

டிலனாயும் மனைவி மார்கரெட்டும் ஜான் என்ற மகனை வளர்த்தார்கள். அவனும் தந்தையைப் போலத் திருவிதாங்கூர்ப் படையில் சேர்ந்தான். அக்காலத்தில் களக்காடு யாருக்கு என்பதில் ஆற்காட்டு நவாபுக்கும் திருவிதாங்கூருக்கும் நீண்ட நாள் வழக்கு. இடையில் நம் பாளையக்காரர்கள். அந்த வளமான வயற்பகுதி பலமுறை கைமாறியது, பலமுறை போர்க்களமாயிற்று. 1765-இல் நடந்த களக்காட்டுப் போரில் ஜான் உயிரிழந்தான். வயது ஏறத்தாழ இருபது. உடலை உதயகிரிக்குக் கொண்டுவந்து கோட்டைச் சிற்றாலயத்தில் அடக்கம் செய்தார்கள்.

தந்தைக்கு அப்போது ஐம்பது வயதை ஒட்டியிருக்கும். எத்தனையோ கோட்டைகளைப் பிடித்தவர், தம் மகனை மண்ணிலிருந்து எழுப்ப முடியவில்லை. இருபது ஆண்டுகளுக்கு முன் நண்பருக்கு ஆறுதலாகச் சொன்ன யோபுவின் கதையை இப்போது தமக்கே சொல்லிக்கொள்ள வேண்டிய நாள் வந்தது. பிறருக்குச் சொல்வது எளிது. நம் பங்கிலும் பிள்ளைகளை இழந்த பெற்றோர் இருக்கிறார்கள். அவர்களுக்கு இதை நாம் விளக்க வேண்டியதில்லை.

அதன்பின்னும் அவர் வாளைக் கீழே வைக்கவில்லை. ஊர் திரும்பிப் போகவும் இல்லை. மேலும் பன்னிரண்டு ஆண்டுகள் தம் கடமையைச் செய்து, மகன் உறங்கிய அதே இடத்தில் தாமும் உறங்கினார்.

இக்காலத்தில் திருவிதாங்கூரில் கிறிஸ்தவர்களின் நிலை மெல்ல மாறி வந்தது என்பதையும் குறிப்பிட வேண்டும். தர்மராஜா கத்தோலிக்கர்களை ஆதரித்தார். 1774-இல் திருத்தந்தை பதினான்காம் கிளமெண்ட் அதற்கு நன்றி தெரிவித்து அவருக்குக் கடிதம் எழுதினார். ஆஸ்திரிய நாட்டில் பிறந்து, 1776-இல் மலையாள நாட்டுக்கு வந்த கார்மேல் சபைக் குரு பவுலீனு அடிகளாரும் இவ்வரசரின் நன்மதிப்பைப் பெற்றார். முந்தைய ஆட்சியில் ஒரு மனிதரின் உயிரை வாங்கிய மதம், அடுத்த ஆட்சியில் அரசரின் நட்பைப் பெற்றது. இதற்குக் காரணங்கள் பல. உண்மையோடு உழைத்த ஒரு கத்தோலிக்கரை அரசர் நாள்தோறும் கண்முன் கண்டதும் அவற்றுள் ஒன்று என்று நாம் நம்புகிறோம்.

கல்லறை சொல்லும் செய்தி

டிலனாய் 1777-ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள் தம் 62-ஆம் வயதில் இறந்தார். அவர் கல்லறை உதயகிரிக் கோட்டைக்குள், கூரையிழந்து நிற்கும் சிற்றாலயத்தில் இருக்கிறது. கல்லில் இலத்தீன் மொழியிலும் தமிழிலும் எழுதியிருக்கிறார்கள். ஏறத்தாழ முப்பத்தேழு ஆண்டுகள் திருவிதாங்கூர் மன்னருக்கு உண்மையோடு உழைத்ததையும், காயங்குளம் முதல் கொச்சி வரை நாடுகளை அவருக்கு அடிபணியச் செய்ததையும் அது தெரிவிக்கிறது. பிளாண்டர்சில் பிறந்தவரின் கல்லறையில் தமிழ் எழுத்து! அவர் எந்த மண்ணைத் தம் மண்ணாக்கிக் கொண்டார் என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

தேவசகாயம் 2012 டிசம்பர் 2-ஆம் நாள் நாகர்கோவிலில் அருளாளராகவும், 2022 மே 15-ஆம் நாள் உரோமையில் திருத்தந்தை பிரான்சிசு அவர்களால் புனிதராகவும் உயர்த்தப்பட்டார். டிலனாயின் பெயர் எந்தப் பீடத்திலும் இல்லை. கோட்டைக்குள் வனத்துறையின் பூங்காவைப் பார்க்க வருகிறவர்கள் அந்தக் கல்லறையையும் பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

பங்குமக்களுக்கு ஒரு வேண்டுகோள். யூபிலி ஆண்டில் குடும்பத்தோடு திருப்பயணம் போக விரும்புகிறவர்கள் இந்த வழியை நினைத்துப் பாருங்கள். தென்காசி, அம்பாசமுத்திரம், சேரன்மாதேவி வழியாகக் களக்காடு. அங்கே ஓர் இளைஞனின் ஆன்மாவுக்காக ஒரு பரலோக மந்திரம். பின்பு வள்ளியூர் வழியாக வடக்கன்குளம். அங்கே நம் ஞானஸ்நான வாக்குறுதிகளைப் புதுப்பிப்போம். அடுத்து ஆரல்வாய்மொழி காற்றாடிமலை, கோட்டாறு. கடைசியாக உதயகிரி. புனிதரின் கல்லறையில் மன்றாட்டு. படைவீரரின் கல்லறையில் நித்திய இளைப்பாற்றிக்காகச் செபம். இரண்டும் தேவை.

நம் பங்கிலிருந்தும் பலர் பிழைப்புக்காகப் பிறருடைய நாட்டுக்கும் பிறருடைய நிறுவனத்துக்கும் போயிருக்கிறார்கள். நம்மைச் சுற்றிலும் பிற சமய அன்பர்கள் வாழ்கிறார்கள். அவர்களோடு ஒரே தெருவில், ஒரே தறியில், ஒரே அலுவலகத்தில் பாடுபடுகிறோம். உழைப்பில் உண்மை, நட்பில் அக்கறை, துன்பத்தில் இருப்பவரின் முகத்தைக் கவனிக்கும் கண், தக்க நேரத்தில் சொல்ல ஒரு நல்ல வார்த்தை ஆகியவற்றை டிலனாயிடம் கற்போம். உண்ட உப்புக்கும் உயிர் தந்த ஆண்டவருக்கும் இடையில் தேர்ந்துகொள்ள வேண்டிய நாள் வந்தால், அன்று தேவசகாயத்திடம் கற்போம்.

இருவரையும் ஒரே கோட்டையில் சந்திக்க வைத்த இறைவன், நம் பங்குக் குடும்பத்தையும் தம் பராமரிப்பில் காத்து வழிநடத்துவாராக.